அப்பா வாசிக்காத பத்திரம்

அப்பாவின் தகரப் பெட்டியில் 1957ஆம் வருஷத்துப் பாகப் பிரிவினைப் பத்திரம் ஒன்று இருந்தது. அவருக்கும் சித்தப்பாவுக்கும் நிலத்தைப் பிரித்த பத்திரம். எழுத்து முழுக்கத் தெலுங்கு. அடியில் அண்ணன் தம்பி கையெழுத்து மட்டும் தமிழ். "எழுதினவர் படிச்சுக் காட்டினாரு, நம்பிக் கையெழுத்துப் போட்டோம்" என்பார் அப்பா. தன் நிலத்தையும் கிணற்றையும் பற்றிய காகிதத்தை அவர் கடைசிவரை தானாக வாசித்ததில்லை.

எங்கள் ஊர் திருத்தணிக்குப் பக்கம். அம்பத்தூரில் திருத்தணி லோக்கல் ஏறினால் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் தாண்டி வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வண்டி இன்று தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே ஓடி முடிகிறது. நான் பிறந்த 1951இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்ததால் யாருக்கும் அது உறுத்தவில்லை. 1952 அக்டோபரில் பொட்டி ஸ்ரீராமுலு மயிலாப்பூரில் ஒரு வீட்டில் உண்ணாவிரதம் உட்கார்ந்து, டிசம்பர் 15ஆம் தேதி உயிர்விட்டார். தெலுங்கு பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஆந்திரப் பகுதி கொந்தளித்தது. 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. சென்னை நகரம் நம்மிடம் தங்கியது, சித்தூர் மாவட்டம் முழுசாகப் போனது. மாவட்டத்தோடு நாங்களும் போனோம்.

ஸ்ரீராமுலு மீது எங்கள் வீட்டில் யாருக்கும் கோபம் இருந்ததில்லை. அவர் கேட்டது நியாயம். தன் மொழியில் மனு எழுதவும், தன் மொழியில் தீர்ப்பைப் படிக்கவும் ஒரு குடியானவனுக்கு உரிமை வேண்டும். அதே நியாயத்தைத்தான் ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கு எல்லைக்குக் கேட்டது. திருத்தணிப் பக்கம் தமிழறிஞர் மங்கலங்கிழார் அதற்கு முன்பே அந்த உணர்வை விதைத்திருந்தார். பிறகு படாஸ்கர் மத்தியஸ்தத்துக்கு வந்தார். கிராமத்தை அலகாகக் கொள்வது, எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்ப்பது, நிலம் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பது என்பதுதான் அவர் வைத்த கணக்கு. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி திரும்பி வந்தது. சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஊரில் வெடி போட்டார்கள். நகரியில் இருந்த மாமா வீடு மட்டும் அன்று முதல் வேறு மாநிலமானது. எங்கள் தெருக்கோடியில் இருந்த தெலுங்குக் குடும்பத்துப் பெரியவர் அன்று திண்ணைக்கு வரவில்லை. அது ஏன் என்று எனக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று. எங்கள் அப்பா ஏழு வருஷம் இருந்த இடத்தில் அன்று காலை முதல் அவர் இருந்தார்.

 திருத்தணி திரும்புவதற்கு முன்பே, 1955இல் பசல் அலி ஆணையம் நாடு முழுக்க மாநில எல்லைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தது. தேசப் பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். மொழிக்கு ஒரு மாநிலம் கொடுத்தால் நாடு துண்டாகிவிடும் என்று நேரு பயந்ததில் அர்த்தம் இருந்தது. ஆனால் துண்டாகவில்லை. 1965இல் மாணவர்கள் இந்திக்கு எதிராகத் தெருவுக்கு வந்தார்கள். மத்திய அரசு வேலைக்கான பரீட்சை இந்தியில் மட்டும் வந்துவிடும் என்ற பயம் அதில் பெரிய பங்கு. தி.மு.க. 1963இலேயே திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டிருந்தது. 1967இல் ஓட்டில் ஜெயித்தது. 1969 ஜனவரி 14ஆம் தேதி மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. கேட்டவர்களுக்கு ஓட்டுப்பெட்டி திறந்திருந்தது என்பதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

கடலுக்கு அந்தப்பக்கம் அது நடக்கவில்லை. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்டார்கள். பண்டாரநாயக்கா செல்வநாயகத்தோடு 1957இல் செய்த ஒப்பந்தத்தை மறு வருஷமே கிழித்தார்கள். அதன் பின் வந்த சாவுகளின் வரிசையில் ஒன்று, ராஜீவ் காந்தியின் சாவு, 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் விழுந்தது. அந்த வழக்கு எங்கள் பக்கத்துப் பூந்தமல்லியில்தான் நடந்தது. 1998இல் தீர்ப்பு வந்த நாளில் நெடுஞ்சாலையில் போலீஸைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

நான் 1972இல் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் சேர்ந்தேன். 1965இல் முதல் விஜயந்தாவை வெளியே அனுப்பிய இடம். எங்கள் ஷாப்பில் மலையாளி, வங்காளி, பஞ்சாபி எல்லாரும் உண்டு. 1984இல் சித்தப்பா மகன்களோடு கிணற்று முறையில் தகராறு வந்தபோது பத்திரத்தை எடுத்துக்கொண்டு குவார்ட்டர்ஸில் இருந்த விஜயநகரத்து நண்பரிடம் போனேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். எட்டாவது வரியில் நின்று, "உங்களுக்கு வாரத்துல மூணு நாள், அவங்களுக்கும் மூணு நாள், வெள்ளிக்கிழமை பொது" என்றார். இருபத்தேழு வருஷமாகப் பெட்டியில் கிடந்த வெள்ளிக்கிழமை! தகராறே அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான்.

ரிட்டயர் ஆன பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறைக்கு மேற்பார்வைக்குப் போனேன். பவர் பிரஸ்ஸில் நின்றவர்கள் பாதிப்பேர் ஒடிசா, பீகார்ப் பையன்கள். பிரஸ்ஸுக்கு மேலே 'பாதுகாப்புத் தடுப்பு இல்லாமல் இயக்காதே' என்று தமிழில் பெரிதாக ஒட்டியிருந்தது. ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் போனது. அவனுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அவன் ஒடியாவில் கூட்டுவான். அவன் கையில் கட்டுப் போட்டுக் கூட்டிவந்த அன்று அப்பாவின் பத்திரம்தான் கண்முன் நின்றது. "இங்க வந்தா தமிழ் கத்துக்கணும்" என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். கத்துக்கொள்ளட்டும், நல்லதுதான். விரல் அதுவரை காத்திருக்காது.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. போலீஸ் மறுத்தது, பீகார் அரசே குழு அனுப்பி விசாரித்தது. ஆனாலும் எங்கள் பட்டறைப் பையன்கள் நாலு பேர் ராத்திரியோடு ராத்திரியாகப் பெட்டி கட்டிவிட்டார்கள். பொய்யை அவர்கள் ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினார்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸிலும் டீக்கடையிலும் தினமும் காதில் விழுந்த "வடக்கன்" என்ற சொல் அவர்களை அதற்குத் தயார் செய்திருந்தது.

அந்த வாரம் விரல் போன பையனையே உட்காரவைத்து, எச்சரிக்கையை ஒடியாவில் எழுதச் சொன்னேன். சிவப்பு பெயின்ட்டில் நிதானமாக எழுதினான். வட்ட வட்டமான எழுத்து, எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாய்விட்டுப் படித்துக் காட்டினான். நம்பி ஒட்டினேன்.