பண்டைக் கிரேக்கத்தின் திருத்தலங்களும் அடிமை மக்களும்

கிரேக்க நாகரிகம் என்றதும் சாக்ரடீஸ், பிளேட்டோ முதலிய அறிஞர்களும், ஏதென்ஸ் நகரின் குடியாட்சியுமே நம் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்நாகரிகத்தின் வயல்களிலும் சுரங்கங்களிலும் இல்லங்களிலும் உழைத்தோருள் எண்ணற்றோர் அடிமைகள் என்பதைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கூறிக் கடந்துவிடுகின்றன. கோயில் வாயில் யாருக்குத் திறக்கும் என்னும் வினாவைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த சமுதாயம் நம்முடையது. ஆகவே, அவ்வடிமை மக்களுக்கு அந்நாட்டுத் திருத்தலங்கள் செய்தது என்ன, செய்யத் தவறியது என்ன என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது பயனுடைத்து எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

கிரேக்கர் தம் புனித வளாகத்தைத் ‘தெமெனோஸ்’ என்று அழைத்தனர். ‘வெட்டிப் பிரிக்கப்பட்ட நிலம்’ என்பது அதன் பொருள். எல்லைக் கற்கள் நட்டு, ஊர் நிலத்தினின்றும் பிரித்துத் தெய்வத்திற்கே உரியதாக ஆக்கப்பட்ட இடம் அது. வழிபாட்டின் நடுவிடம் கோயிலின் உள்ளறை அன்று. வெளியே திறந்த வெளியில் அமைந்த பலிபீடமே ஆகும். கோயிற் கட்டடமோ தெய்வத்தின் உருவச் சிலைக்கும் காணிக்கைப் பொருள்களுக்கும் இல்லமாக விளங்கிற்று.

இத்தலங்கள் வழிபாட்டோடு நின்றுவிடவில்லை. உடன்படிக்கைகளையும் சட்டங்களையும் கல்லிலும் வெண்கலத்திலும் பொறித்து அங்கே வைத்தனர். நகரங்களின் செல்வம் அங்கே காக்கப்பட்டது. ஏதென்ஸின் தலைமையில் அமைந்த கூட்டணியின் கருவூலம் முதலில் டீலோஸ் தீவின் திருத்தலத்திலேயே இருந்தது, கி.மு. 454-இல் அது ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. ஒலிம்பியாவில் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெற்ற விழாவுக்காகப் புனித அமைதி அறிவிக்கப்பட்டது. அதனை மீறியதாகக் கூறி, கி.மு. 420-இல் வல்லரசான ஸ்பார்ட்டாவுக்கே 2,000 மினா தண்டம் விதித்து, விழாவினின்றும் அதனை விலக்கினர். அத்தகைய ஒலிம்பியாவில் போட்டியிடும் உரிமை அடிமைக்கு இல்லை. ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலியூசிஸ் தலத்திலோ, கிரேக்க மொழி அறிந்து, கொலைக் குற்றத்தின் கறை படியாத எவரும் மறைச்சடங்கில் சேரலாம். ஆடவரும் பெண்டிரும் அடிமைகளும் அங்கே ஒருங்கே ஏற்கப்பட்டனர்.

திருத்தலத்தின் எல்லைக்குள் புகுந்து பலிபீடத்தைப் பற்றியவரைப் பலவந்தமாக இழுத்துச் செல்லுதல் தெய்வக் குற்றம் என்பது கிரேக்கரின் நம்பிக்கை. இவ்வடைக்கல உரிமை அடிமைக்கும் உண்டு. ஏதென்ஸில் கொடுமை தாளாத அடிமைகள் தீசியஸின் திருத்தலத்திற்கு ஓடி அடைக்கலம் புகுந்தனர். அங்கிருந்துகொண்டு, தம்மை வேறோர் உடைமையாளருக்கு விற்றுவிடுமாறு அவர்கள் கோரலாம். அவர்கள் கேட்கக்கூடியது அவ்வளவே என்பதை நாம் உற்று நோக்குதல் வேண்டும். தலம் அவர்களை அடித்தவனிடமிருந்து காத்தது, அடிமைத்தனத்திலிருந்து காக்கவில்லை.

சில வேளைகளில் அடைக்கலமும் மீறப்பட்டது. ஸ்பார்ட்டாவின் நிலங்களில் உழைத்த ஹெலட்டுகள் என்னும் பண்ணையடிமைகள் சிலர் டைனாரம் முனையிலுள்ள பொசைடன் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்தனர். ஸ்பார்ட்டர் அவர்களை வெளியே கொணர்ந்து கொன்றனர். கி.மு. 464-ஐ ஒட்டி நேர்ந்த பெரும் நிலநடுக்கம் அப்பாவத்தின் பயனே என்று ஸ்பார்ட்டரே நம்பியதாக வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியுள்ளார். நிலநடுக்கத்தைத் தொடர்ந்து ஹெலட்டுகள் கிளர்ந்தெழுந்து இதோமி மலையில் அரண் அமைத்து நெடுங்காலம் போராடினர். ‘இதோமியின் சீயஸிடம் அடைக்கலம் புகுந்தவனை விட்டுவிடுக’ என்னும் கருத்துடைய டெல்பியின் தெய்வவாக்கு ஒன்று ஸ்பார்ட்டரிடம் முன்பே இருந்தது. முடிவில் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேறலாம் என்னும் உடன்பாடு ஏற்பட்டது. ஏதெனியர் அவர்களை நௌபாக்டஸ் நகரில் குடியேற்றினர். தெய்வவாக்கு துணைநின்றது உண்மையே. எனினும், மலைமேல் அவர்கள் உறுதியோடு போராடியிராவிடில் அவ்வாக்கை நினைவுகூர ஸ்பார்ட்டருக்கு ஒரு காரணமும் இருந்திராது.

இனி டெல்பிக்கு வருவோம். அங்கே அப்போலோ கோயிலின் மேடையைத் தாங்கிநிற்கும் பல்கோணக் கற்சுவர் ஒன்றுண்டு. அச்சுவரிலும் தலத்தின் பிற இடங்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிமை விடுதலை ஆவணங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கி.மு. 200-ஐ ஒட்டித் தொடங்கி, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் இவ்வழக்கம் நீடித்தது. உடைமைப் பொருளாகக் கருதப்பட்ட அடிமை தன் பெயரால் ஒப்பந்தம் செய்ய இயலாது. ஆதலின் தன்னை வாங்குவதற்குரிய பணத்தை அவன் தெய்வத்திடம் ஒப்படைப்பான்; அப்போலோவே அவனை வாங்கியதாக எழுதப்படும். அன்றுமுதல் அவன் விரும்பியதைச் செய்து, விரும்பிய இடம் செல்லலாம். எவரும் அவனைப் பிடிக்கலாகாது. பிணையாளர் பெயரும் சாட்சிகளின் பெயரும் ஆவணத்தில் இடம்பெறும். மீண்டும் எவரேனும் அவனைப் பிடிக்க முயன்றால், வழிப்போக்கர் எவரும் அவனை மீட்கலாம். அதற்காக மீட்டவருக்குத் தண்டனை இல்லை.

விலை பெரும்பாலும் 3 முதல் 5 மினா வரை. அதாவது 300 முதல் 500 டிராக்மா. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஏதென்ஸில் கைவினைஞன் ஒருவனின் நாட்கூலி ஏறத்தாழ ஒரு டிராக்மா என்பதைக் கருதினால், அத்தொகையின் சுமை விளங்கும். அவ்வளவு கொடுத்தும் பலருக்கு முழு விடுதலை கிட்டவில்லை. உடைமையாளர் இறக்கும்வரை அவருடனேயே இருந்து பணிசெய்தல் வேண்டும் என்னும் நிபந்தனை ‘பரமோனே’ எனப்பட்டது. தம் குழந்தையை உடைமையாளரின் குடும்பத்திற்குக் கொடுத்த பின்னரே பெண்கள் சிலரால் அந்நிபந்தனையிலிருந்து மீள முடிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கன யாவை? புனிதமான இடம் ஒன்று இருந்ததனாலேயே அடிமைத்தனம் அழிந்துவிடவில்லை. வலியோரின் கையை அது சற்றே தடுத்து நிறுத்தியது. எளியோர் மூச்சுவிட இடம் அளித்தது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி முன்னேறியவர்கள் அடிமைகளே. டெல்பியில் அவர்கள் பெற்ற விடுதலை எவரும் இரங்கி ஈந்த கொடையன்று. அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த விலை. அதனை வாய்மொழியாக விட்டுவிடாமல், சாட்சிகளோடு கல்லில் எழுதுவித்தமையால், நாளை எவரும் மறுக்கவொண்ணா உரிமையாக அதனை ஆக்கிக்கொண்டனர். அரசர்களின் பெயர்கள் மட்டுமே நிலைக்கும் என்று எண்ணப்பட்ட வரலாற்றில், சிரியாவிலிருந்தும் திரேஸிலிருந்தும் வந்த அடிமைப் பெண்களின் பெயர்களும் அச்சுவரில் இன்றளவும் நிற்கின்றன.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் எழுத்தைக் கொடுத்து வருவதன் பயனும் இதுவே. இளைஞர்களே, உங்கள் உரிமை எதுவாயினும் அதனை எழுத்தில் பெறுங்கள். படித்துப் பார்த்து, நிபந்தனைகளை உணர்ந்து கையொப்பமிடுங்கள். அருகில் இருப்பவருக்கும் படித்துக் காட்டுங்கள்.