ஏடும் தாளும் திரையும்

1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கும்பகோணம் கல்லூரியின் இளந்தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகளையும் கலம்பகங்களையும் புராணங்களையும் வரிசையாகச் சொன்னார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று முதலியார் கேட்டபோது, ஐயர் அதைப் படித்திருக்கவில்லை. பின்னர் முதலியாரே அந்நூலின் பிரதியொன்றைத் தந்து பாடம் சொல்ல வேண்டினார். சேலத்து மைந்தர் எழுப்பிய அவ்வினாவே 1887-இல் சிந்தாமணி அச்சேற வித்தாயிற்று.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஐயர் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறிப்பெழுத இடமும் குறைவு. ஆகவே பாடவேறுபாடுகளும் ஐயங்களும் தாளில் ஏறின. ஆயினும் தாள் வந்ததால் ஓலை கழிந்துவிடவில்லை. ஐயம் எழும்போதெல்லாம் மூல ஏட்டினிடமே திரும்ப வேண்டியிருந்தது. அவர் தேடிய சுவடிகளை, 1943-இல் அவர் பெயரால் சென்னையில் தோன்றிய நூல்நிலையம் இன்றும் காத்துவருகிறது.

இன்றைய ஆய்வாளர் நிலையும் இதுவே. 1994-இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பழைய நூல்களை நுண்படமாகவும் கணினிப் படிவமாகவும் ஆக்கியதோடு மூலங்களையும் பேணுகிறது. ஒரு சொல் எங்கே வருகிறது என்று நொடியில் தேடித் தருவது கணினி. ஆனால், நான்கு பக்கங்களை மேசைமீது பரப்பி ஒப்பிடவும், ஓரத்தில் கேள்விக்குறி இடவும், அடித்தும் திருத்தியும் சிந்திக்கவும் தாளே எளிது. திரையில் அழித்தது பெரும்பாலும் சுவடின்றி மறையும். தாளில் அடித்த சொல்லோ அடிக்கோட்டின் கீழ் நின்று, எழுதியவரின் தயக்கத்துக்குச் சாட்சி சொல்லும்.

இவ்வுண்மை நம் திருச்சபைக்குப் புதிதன்று. ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் பேணப்பட வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் விதி. ஒருவர் பெறும் உறுதிபூசுதலும் திருமணமும் அவருடைய திருமுழுக்குப் பதிவிலேயே குறிக்கப்படுகின்றன. ஒரு மனிதரின் அருள்வாழ்வு முழுவதும் அந்த ஒரு பக்கத்தின் ஓரத்தில் சேர்ந்துகொண்டே போகிறது.

சேலம் மறைமாவட்டம் 1930-இல் உருவானது. சேலம், நாமக்கல் சமவெளிகளின் எளிய உழவரும் நெசவாளரும் வரலாற்று நூல்களில் பெயர் பெறாதவர்கள். அவர்களுள் நம் மக்கள் பலரின் பெயர்கள், குருக்களின் கையெழுத்தில் இப்பதிவேடுகளில்தான் வாழ்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றுவோம், அது நற்பணி. ஏற்றியாயிற்றே என்று பழைய ஏட்டைக் கறையானுக்கு விட்டுவிட்டால், நம் முன்னோரை இரண்டாம் முறை புதைத்தவர்களாவோம்.