அடைத்த பாதையைத் திறக்கும் கடமை: பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்புகளில் சேவையகங்களின் இணைப்பும் முறிப்பும்

2024 டிசம்பர் 2. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியிருந்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், தெற்கு ரயில்வே அப்பாதையில் போக்குவரத்தை நிறுத்தியது. காரணம் அறிவிக்கப்பட்டது. சில ரயில்கள் ரத்தாயின. சில வேறு தடத்தில் திருப்பிவிடப்பட்டன. தண்ணீர் வடிந்த பிறகு பாதை மீண்டும் திறந்தது. திண்டிவனமும் விழுப்புரமும் அப்பாலத்தின் இருபுறமும் ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் உள்ள ஊர்கள். அன்று தண்டவாளத்தின் வழியே ஒன்றையொன்று எட்ட முடியவில்லை. ஆயினும் பாதையை மூடியது தவறு என்று எவரும் சொல்லமாட்டார்.

மாஸ்டடான் போன்ற பரவலாக்கப்பட்ட சமூக வலையமைப்புகளிலும் இத்தகைய நிறுத்தங்கள் நாள்தோறும் நிகழ்கின்றன. சேவையகங்கள் தம்முள் உறவை முறித்துக்கொள்ளும் உரிமை இவ்வமைப்புக்கு இன்றியமையாதது என்பதும், காரணம் கூறல், மாற்று வழி தருதல், மீளத் திறத்தல் ஆகிய மூன்று கடமைகளோடு சேர்ந்தே அவ்வுரிமை நியாயம் பெறும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். மூன்றில் கடைசிக் கடமையே இன்று பெரிதும் புறக்கணிக்கப்பட்டுள்ளது.

1. இணைப்பு உருவாகும் விதம்

மின்னஞ்சலில் ஜிமெயில் முகவரியிலிருந்து யாஹூ முகவரிக்கு மடல் போகிறது. இரு நிறுவனங்களும் ஒரே நெறிமுறையைப் பின்பற்றுவதே காரணம். சமூக வலையமைப்புகளுக்கு அத்தகைய பொது நெறிமுறையாக ஆக்டிவிட்டிபப்பை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2018 ஜனவரி 23 அன்று பரிந்துரைத்தது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டடான் மென்பொருள் இன்று இதன் வழியே இயங்குகிறது.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரி மாணவி ஒரு சேவையகத்திலும், விழுப்புரத்தில் ஓர் ஆசிரியர் வேறொரு சேவையகத்திலும் கணக்கு வைத்திருப்பதாகக் கொள்வோம். மாணவி 'பின்தொடர்' என்பதை அழுத்தியதும், அவருடைய சேவையகம் மின்கையொப்பமிட்ட ஒரு கோரிக்கையை ஆசிரியருடைய சேவையகத்தின் அஞ்சல்பெட்டிக்கு அனுப்புகிறது. அங்கே கையொப்பம் சரிபார்க்கப்பட்டு ஏற்பு திரும்பி வருகிறது. அதன்பின் ஆசிரியர் எழுதும் ஒவ்வொரு பதிவின் படியும் மாணவியின் சேவையகத்துக்கு வந்து சேர்கிறது. இரு சேவையகங்களின் நிர்வாகிகளும் முன்கூட்டி ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை. முகம் தெரியாத இருவரின் உறவு இரண்டு கணினிகளை உறவாக்குகிறது. இவ்வமைப்பின் அழகு இதுதான்.

2. முறிவின் மூவகை

முதலாவது, செயலிழப்பு. மின்வெட்டாலோ வெள்ளத்தாலோ ஒரு சேவையகம் நின்றுபோனால், மற்றவை பதிவுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். தோல்வி தொடர்ந்து ஏழு வெவ்வேறு நாள்களில் பதிவானால், மாஸ்டடான் அச்சேவையகத்துக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். அது உயிர்பெற்று ஒரு செய்தி அனுப்பினால் போக்குவரத்து மீண்டும் தொடங்கும். பின்தொடரும் உறவுகள் அப்படியே இருக்கும். பகை இல்லாத பிரிவு இது.

இரண்டாவது, தடை. 2019 ஜூலையில், வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் தளம் மாஸ்டடானின் நிரலை எடுத்துக்கொண்டு இவ்வலையமைப்பில் நுழைந்தது. அதைத் தடுக்கும் மைய அதிகாரம் எங்கும் இல்லை. ஆனால் எண்ணற்ற சேவையக நிர்வாகிகள் தத்தம் வாசலை அடைத்தனர். பின்னர் கேப் தானே பிற சேவையகங்களோடு இணைவதைக் கைவிட்டது.

மூன்றாவது, வெளியேற்றம். கூகுளின் உரையாடல் சேவையான கூகுள் டாக் 2006இல் எக்ஸ்எம்பிபி நெறிமுறை வழியே பிற சேவையகங்களோடு உரையாட வழி திறந்தது. 2013இல் அதற்கு மாற்றாக ஹேங்அவுட்ஸ் வந்தபோது அவ்வழியை அடைக்கும் முடிவைக் கூகுள் அறிவித்தது. பெரியவர் வெளியேறினால் சிறியவர்கள் தனித்துவிடப்படுவார்கள் என்பதை அந்நிகழ்வு காட்டியது.

3. முறிப்பு வலையமைப்பைச் சிதைக்கிறதா?

முறிக்கும் உரிமை இருந்தால் வலையமைப்பு துண்டு துண்டாகிவிடும் என்பது வலுவான ஆட்சேபம். 2023 ஜூனில், ஆக்டிவிட்டிபப் வழியே இயங்கும் லெம்மி என்ற விவாதத்தள மென்பொருளைப் பயன்படுத்தும் பீஹாவ் சேவையகம், எவரும் சேரக்கூடிய பெரிய சேவையகமான லெம்மி.வேர்ல்டோடு உறவை முறித்தபோது இந்த அச்சம் உரக்க எழுந்தது. தன் சிறு கண்காணிப்புக் குழுவால் அங்கிருந்து வரும் கூட்டத்தைக் கையாள முடியவில்லை எனப் பீஹாவ் வெளிப்படையாகச் சொன்னது. இதை அகந்தை என்று கொள்ள முடியாது. தன் வீட்டாரைக் காக்க முடியாத வீடு விருந்தினரையும் காக்காது. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் வரவேற்புக்கும் பொருளில்லை.

ஆயினும் விலையைச் செலுத்துபவர் யார் என்ற கேள்வி மிஞ்சுகிறது. ஒரு நிர்வாகி மற்றொரு களப்பெயரை முற்றாகத் தடைசெய்தால், இருபுறப் பயனர்களுக்கும் இடையிலான பின்தொடரும் உறவுகள் அறுந்துவிடும். மனம் மாறித் தடையை நீக்கினாலும் அவ்வுறவுகள் தாமாகத் திரும்புவதில்லை. நம் மாணவியின் ஆசிரியர் திரையிலிருந்து காணாமல் போவார். தவறிழைத்தவர் மூன்றாமவராக இருக்க, இழப்பு இவ்விருவருக்கும் வந்து சேர்கிறது. 2024 அக்டோபரில் வெளியான மாஸ்டடான் 4.3 பதிப்பிலிருந்து, உறவுகள் அறுந்ததைப் பயனருக்கு அறிவிக்கும் வசதி உள்ளது. முதல் கடமை இதனால் ஓரளவு நிறைவேறியது. வேறு சேவையகத்துக்குக் குடிபெயரும் வசதி இரண்டாம் கடமையின் பாதி: பின்தொடர்பவர்கள் உடன்வருவார்கள், பழைய பதிவுகள் வாரா. மூன்றாம் கடமையை மென்பொருள் தானாக நிறைவேற்றுவதில்லை.

4. நம் ஊர்களுக்கு இதன் பொருள்

2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை அடுத்து இந்தியர் பலர் மாஸ்டடானுக்கு வந்தனர். அவர்களில் பலர் சேர்ந்தது ரோச்கோவின் பெரிய சேவையகத்தில். பரவலாக்கப்பட்ட வலையமைப்புக்கு வந்தும் ஒரே கூரையின் கீழ் குவிந்தால், இணைப்பையும் முறிப்பையும் நம் மொழி அறியாதவர்களே தீர்மானிப்பார்கள். தமிழில் எழுதப்பட்ட வசை எது, வழக்குச்சொல் எது என்று பிரித்தறிய ஊர்ப்பேச்சு தெரிந்த நிர்வாகி வேண்டும்.

விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு 2013 முதல் மாணவர்களிடையே கட்டற்ற மென்பொருளைக் கொண்டுசேர்த்து வருகிறது. சேவையகம் நடத்தும் திறனை வளர்க்க இத்தகைய குழுக்களே பொருத்தமான நாற்றங்கால்கள். திறனோடு ஒழுங்கும் தேவை. தடைசெய்யும்போது காரணத்தைத் தமிழில் பொதுவில் எழுதிவைக்க வேண்டும். முழுத்தடைக்கு முன், பின்தொடராதவர்களுக்கு மட்டும் அச்சேவையகத்தின் பதிவுகளை மறைக்கும் மட்டுப்படுத்தலைச் சோதிக்க வேண்டும். அதில் ஏற்கெனவே உள்ள உறவுகள் அறுவதில்லை. அறுந்த உறவுகளின் பட்டியலைப் பாதுகாத்து, தடை நீங்கும்போது பயனர் ஒப்புதலோடு மீட்டுத்தரும் வசதியை மென்பொருளில் உருவாக்க வேண்டும்.

முண்டியம்பாக்கத்துப் பாதை மீண்டும் திறந்தபோது, எந்த ரயில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கால அட்டவணை அப்படியே இருந்தது. சேவையகங்களும் தம் கால அட்டவணையைத் தொலைக்காமல் பாதையை அடைக்கக் கற்க வேண்டும்.