பளை முற்றங்களில் விளக்கீடு

கிளிநொச்சி மாவட்டத்தின் பச்சிலைப்பள்ளிப் பிரிவிலுள்ள பளையிலும் அதனை அண்டிய ஊர்களிலும் சைவக் குடும்பங்கள் கார்த்திகை மாதத்தில் கொண்டாடிவரும் விளக்கீடு, கோயில் விழாவின் ஒட்டாகவே பெரும்பாலும் பேசப்பட்டாலும், அதன் உயிர்நிலை வளவில், அதாவது வீடு நிற்கும் காணியில்தான் இருந்துவந்திருக்கிறது. தெருவில் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டுப் பலரும் கூடிக் கொண்டாடிய விழாவை நக்கீரரின் அகநானூற்றுப் பாடல் (141) குறிப்பிடுவதால், வாசலை அழகுபடுத்தும் இந்த ஆசை மிகப் பழையது எனத் துணியலாம்.

முருகன் கோயில்களுக்குரிய குமாராலய தீபம், எல்லாக் கோயில்களுக்குமுரிய சர்வாலய தீபம் ஆகிய நாட்களில் மாலை மங்கியதும் படலையடியில் வாழைக்குற்றி நட்டு, அதன் தலையில் தேங்காய்ப் பாதியையோ பப்பாசிக்காய்ப் பாதியையோ பொருத்தி, எண்ணெயில் தோய்த்த துணியை அதிலிட்டுக் கொளுத்துவர். திண்ணையில் சிட்டிகள் எனப்படும் மண்ணகல்கள் வரிசையாக எரிய, தடியில் பழந்துணி சுற்றிய சிறு பந்தங்கள் கிணற்றடி, மாட்டுக்கொட்டில், குப்பைமேடு, வேலிமூலை என ஓரிடமும் விடாமல் குத்தப்படும். பெரியவர் கொளுத்திக் கொடுக்கச் சிறுவர் ஓடிச்சென்று குத்துவதும், பிறகு ஒழுங்கை வழியே நடந்து அயலார் படலைகளைப் பார்த்து எவருடையது பெரிதென்று வாதிடுவதும் குழந்தைகளின் பங்கு. வழிபாட்டைவிட இதுவே வழக்கத்தைத் தலைமுறை கடத்தியிருக்க வேண்டும்.

அயர்லாந்தில் டர்னிப் கிழங்கையும், பின்னர் அமெரிக்காவில் பூசணியையும் குடைந்து, ஒக்டோபர் 31இல் வரும் ஹாலோவீனுக்காக உள்ளே சுடர் வைத்த மரபு இதற்குத் தூரத்து உறவுபோல் தோன்றினும், அங்கே காய்க்குக் கோரமுகம் வெட்டி அச்சத்தையே விளையாட்டாக்கினர். இங்கே அச்சமூட்டும் முகத்துக்கு இடமில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியர் தென்னந்தோட்டங்கள் அமைத்த இப்பகுதியில் தேங்காய்க்குப் பஞ்சமிருக்கவில்லை. ஆனால் உள்நாட்டுப் போரில், 2000 ஏப்ரலில் ஆனையிறவு இராணுவத் தளம் வீழ்ந்த சண்டையும், பின்னர் முகமாலையில் நிலைகொண்ட முன்னரங்கும் தென்னைகளின் தலைகளைக் கொய்ததோடு குடிகளையும் பெயர்த்தன. 2014 மார்ச்சில் பளைக்கு ரயில் மீண்டும் வந்துவிட்டது. முகமாலைப் பக்கத்திலோ கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பத்தாண்டு கடந்தும் நீடித்ததால், தம் காணியின் வேலிமூலைவரை பந்தம் கொண்டுபோகும் வாய்ப்பு அங்குள்ள சிலருக்கு மிகப் பிந்தியே கிடைத்தது.