தளர்வார் நடைப் பயிற்சி

தளர்வார் நடைப் பயிற்சி என்பது, கழுத்துப்பட்டையில் பூட்டிய வார் விறைக்காமல் தொய்ந்து தொங்கும்படி நாயை மனிதரோடு நடக்கப் பழக்குவது. பேச்சு வழக்கில் ‘லீஷ் ட்ரெயினிங்’ என்பர். காவல்துறை, ராணுவ நாய்கள் பயிலும் ‘ஹீல்’ நடை இதனின்று வேறு. அதில் நாயின் தோள் நடத்துபவரின் இடக்காலை விட்டு விலகக் கூடாது. இதில் வாரின் நீளத்துக்குள் நாய் மோந்து பார்க்கலாம், பின்தங்கலாம். இழுக்க மட்டும் கூடாது.

வரலாறு

புறநானூற்றின் 74ஆம் பாடலில், சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை தன் இழிநிலையைக் கட்டுண்ட நாயின் நிலையோடு ஒப்பிடுகிறான். சங்கிலியும் நாயும் சேர்ந்து வரும் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளில் இது ஒன்று. இதற்கு நேர் எதிரானது, திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடத்தனூர் நடுகல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல், கள்வர் இருவரைக் கடித்த கோவிவன் என்னும் நாயைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. ஒன்று கட்டிப்போட்ட நாய், மற்றது அவிழ்த்துவிட்ட நாய். பகலில் வாசலில் சங்கிலி, இரவில் அவிழ்ப்பு என்ற வீட்டு வழக்கமும் இவ்விரண்டுக்குள் அடங்கிவிடும். நாயைக் கையில் பிடித்துத் தெருவில் உலாத்துவது பிற்காலத்துப் பழக்கமே.

பயிற்சி முறை படைத்துறை வழியே வந்தது. ஜெர்மானியக் காவல் அதிகாரி கொன்ராட் மோஸ்ட் 1910இல் வெளியிட்ட கையேடு, வாரை வெட்டி இழுத்துத் திருத்துவதை முறைப்படுத்தியது. அமெரிக்கரான வில்லியம் கோலர் 1962இல் அதையே வீட்டு நாய்களுக்குக் கொண்டுவந்தார். பிரிட்டனின் நாய்ப் பயிற்சியாளர் பார்பரா வுட்ஹவுஸ் 1980இல் பிபிசி தொலைக்காட்சி மூலம், கழுத்தை இறுக்கும் ‘சோக் செயின்’ சங்கிலியை வரவேற்பறைக்கே கொண்டு சேர்த்தார். சென்னையில் காவல்துறை நாய்ப் பிரிவு 1951இல் தொடங்கியது. ராணுவத்தின் நாய்ப் பயிற்சிப் பள்ளி 1960இல் மீரட்டில் அமைந்தது. ‘நாய்க்கு எஜமான் யார் என்று காட்ட வேண்டும்’ என்று இன்றும் சில பயிற்சியாளர்கள் சொல்வது அந்த முரட்டுக் காலத்தின் எச்சம். அந்தப் பேச்சுக்கு அடிப்படையான, ஓநாய்க் கூட்டத் தலைமை பற்றிய பழைய கருத்தை, அதைப் பரப்பியவர்களுள் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் என்பவரே 1999இல் மறுத்துவிட்டார். உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளில் வேரூன்றி, விலங்குப் பயிற்சியாளர் கேரன் பிரையரின் 1984ஆம் ஆண்டு நூலால் பரவிய வெகுமதி முறையே இப்போது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது.

முறை

இழுத்தால் முன்னே போக முடிகிறது என்பதால்தான் நாய் இழுக்கிறது. ஆகவே வார் விறைத்ததும் நடத்துபவர் நின்றுவிட வேண்டும்; தொய்ந்ததும் நடக்க வேண்டும். நாய் கால் பக்கம் இருக்கையில், நகக்கண் அளவு வேகவைத்த கோழித் துண்டோ பனீரோ காற்சட்டையின் தொடைத் தையல் அருகே கொடுக்க வேண்டும். மோந்து பார்க்க விடுவதும் வெகுமதிதான். வீட்டுக்குள் தொடங்கி, மொட்டை மாடி, பிறகு ஆளற்ற தெரு என்று போக வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வார் போதும். தானே சுருளும் வார் எப்போதும் சற்று இழுத்துக்கொண்டே இருப்பதால் பாடமே குழம்பும். வீட்டில் ஒருவர் நின்று பழக்க, இன்னொருவர் நாய் இழுத்த பக்கமெல்லாம் ஓடினால் எதுவும் நடக்காது.

சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குத் தலை ஒடுங்கியிருப்பதால், பின்வாங்கினால் சாதாரணப் பட்டை தலைவழியே உருவிக்கொள்ளும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும், மார்ட்டிங்கேல் எனப்படும் அகன்ற பட்டை வேண்டும். ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. அவற்றுக்குக் குரலை விடக் கைச்சைகை உதவும்.

சென்னை மேற்குப் புறநகர்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தெருக்கள் பலவற்றில் நடைபாதை இல்லை. ஒவ்வொரு தெருவுக்கும் அதற்கென நாய்க்கூட்டம் உண்டு. கூட்டம் எதிர்ப்படும்போது வாரை இறுக்குவது நம் நாயின் பதற்றத்தைக் கூட்டும். தொலைவிலேயே திரும்பிவிடுவது நல்லது. கோடையில் தார்ச்சாலை பாதத்தைச் சுடுவதால், விடியற்காலையே பயிற்சிக்கு ஏற்ற நேரம். மழைக்காலத்தில் தேங்கும் நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் தடுப்பூசி முக்கியம்.

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நியாயமான அளவு நடத்தாமல் விடுவதையும் குற்றமாக்குகிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் விலை.

2024 மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் சிறுமியைக் கடித்த பிறகு, பொது இடத்தில் வாரும் வாய்மூடியும் வேண்டும் என்று மாநகராட்சி வலியுறுத்தியது. நாய் இரைத்தே உடல் சூட்டைத் தணிப்பதால், வாயை இறுக்கும் துணிவகை வாய்மூடி சென்னை வெயிலுக்கு ஆகாது; கூடைவகையே ஏற்றது, தீனியும் கொடுக்கலாம். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் அடங்கும். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி என்பதால் சென்னையின் விதி அங்கே செல்லாது.