நுழைந்தவர் யார், நுழைந்தபின் செய்தது என்ன?

மின்சாரம், எரிபொருள், குடிநீர், வங்கிக் கொடுப்பனவு ஆகிய யாவும் இன்று கணினிகளினூடாகவே இயக்கப்படுகின்றன. இவற்றைப் பராமரிக்கும் தொழில்நுட்பக் குழுவினரிடம் இரண்டு கேள்விகளுக்கு எந்நேரமும் விடை இருத்தல் வேண்டும். உள்ளே நுழைய உரித்துடையவர் யார் என்பது ஒன்று. நுழைந்தவர் செய்தது என்ன என்பது மற்றையது. முன்னதற்கு விடை தருவது அடையாள அணுகல் கட்டுப்பாடு. பின்னதற்கு விடை தருவது கணக்காய்வுப் பதிவு. இவை இரண்டும் வெவ்வேறு அறைகளில், வெவ்வேறு உத்தியோகத்தரின் பொறுப்பில் தனித்தனியே கிடக்கும் வரை இரண்டுமே அரைகுறையானவை என்பதைச் சில நிகழ்வுகள் உணர்த்தியிருக்கின்றன.

2016 பெப்ரவரி 4ஆம் திகதி, வியாழக்கிழமை இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 பணமாற்றுக் கட்டளைகள் சென்றன. கோரப்பட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர். திருடப்பட்ட, ஆனால் செல்லுபடியாகும் அனுமதிகளுடன் சுவிப்ட் வலையமைப்பினூடாக அவை அனுப்பப்பட்டமையால் ஐந்து கட்டளைகள் நிறைவேறின. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அப்பெயரில் 'பவுண்டேஷன்' என்ற சொல் பிழையாக எழுதப்பட்டிருந்தமை ஐயத்தைக் கிளப்பியதால் அத்தொகை மீட்கப்பட்டது. கள்வரின் எழுத்துப் பிழையே அங்கு காவலாயிற்று.

அவ்வங்கியில் கணக்காய்வு ஏற்பாடு இல்லாமல் இருக்கவில்லை. ஒவ்வொரு கட்டளையையும் தானாக அச்சிட்டுத் தரும் பொறி ஒன்று இருந்தது. ஊடுருவியவர்களின் தீய மென்பொருள் பதிவுகளை அழித்ததோடு அச்சுப் பிரதிகளிலும் கை வைத்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, அந்நாட்டின் வார விடுமுறை. பொறி இயங்காதிருந்ததைக் கண்டவர்கள் அதனை வழமையான கோளாறு என்றே எண்ணினர். அதைச் சீர்செய்து நிலைமையை உணர்ந்த வேளையில் நியூயோர்க்கில் வார இறுதி தொடங்கியிருந்தது. பதிவேடு மௌனமாவதும் ஓர் எச்சரிக்கையே என்பது இதிலிருந்து பெறத்தக்க முதற் பாடமாகும்.

2015 டிசெம்பர் 23ஆம் திகதி உக்ரேனில் மூன்று மின் விநியோக நிறுவனங்கள் தாக்கப்பட்டு ஏறத்தாழ 2 இலட்சத்து 25 ஆயிரம் பாவனையாளர்கள் இருளில் மூழ்கினர். அங்கும் பூட்டு உடைக்கப்படவில்லை. ஊழியர்களின் திருடப்பட்ட அடையாளங்களே திறவுகோலாயின. ஐக்கிய அமெரிக்காவில் 2021 மே மாதம் கொலோனியல் எரிபொருட் குழாய்வழி நாட்கணக்கில் மூடப்படுவதற்குக் காரணமானது, பாவனையில் இல்லாதபோதும் நீக்கப்படாதிருந்த ஒரு தொலைநுழைவுக் கணக்கு. அதற்குக் கடவுச்சொல் ஒன்றே காப்பாக இருந்தது. இரண்டாவது சரிபார்ப்பு இருக்கவில்லை.

அணுகல் கட்டுப்பாட்டின் அடிப்படை விதி எளியது. ஒருவருக்கு அவரது பணிக்குத் தேவையான மிகக் குறைந்த அதிகாரமே வழங்கப்படல் வேண்டும். 1975இலேயே சால்ற்சர், ஷ்ரோடர் ஆகிய அறிஞர்கள் இதனை எழுதி வைத்தனர். பின்னர், ஆளுக்கன்றிப் பதவிக்கு அதிகாரம் வழங்கும் முறையும் வகுக்கப்பட்டது. ஆயினும், வழங்கிய அதிகாரம் எவ்வாறு பயன்படுகிறது என்பதை அணுகல் பட்டியல் சொல்லாது. அதனைச் சொல்லும் பதிவேடோ நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான வரிகளாகக் குவிகிறது. அவ்வரிகளை மனிதக் கண் வாசித்து முடிக்க இயலாது. எனவேதான் அவற்றை வரைபுகளாகவும் நிற அட்டவணைகளாகவும் மாற்றிக் காட்டும் தேவை எழுகிறது.

உதாரணமாக, ஒரு பக்கம் ஊழியர் பெயர்களும் மறுபக்கம் நாளின் 24 மணித்தியாலங்களும் கொண்ட கட்டங்களில், பாவனை மிகுந்த இடங்கள் அடர்நிறம் பெறுகின்றன. பகற்பணியாளர் ஒருவரின் வரிசையில் அதிகாலை மூன்று மணிக் கட்டம் மட்டும் நிறம் பெற்றிருப்பின் அது உடனே கண்ணில் படும். எனினும், அவர் அன்று இரவுப் பணிக்கு அழைக்கப்பட்டாரா, விடுமுறையில் இருந்தாரா, அவரது பதவிக்கு அந்த இயந்திரத்துடன் தொடர்பு உண்டா என்பவற்றை அடையாளப் பட்டியலே கூறும். இணைப்பின் பயன் இதுவே. மாதக்கணக்கில் நிறமே பெறாத வரிசை, நீக்கப்பட வேண்டிய கணக்கைச் சுட்டுகிறது. கொலோனியல் நிறுவனத்தின் பழைய கணக்கு அத்தகையது.

ஒரே கடவுச்சொல்லைப் பலர் பகிரும் பழக்கம் இந்த ஏற்பாடு முழுவதையும் பயனற்றதாக்கும். 'நிர்வாகி' என்ற பெயரின் கீழ் ஐவர் நுழைந்தால் வரைபில் தெரிவது ஒரு நிழல் மட்டுமே. அவ்வாறே, பதிவேட்டை அழிக்கும் வல்லமை அதில் பதியப்படுபவரிடம் இருத்தலாகாது. பதிவுகள் உருவாகும் கணமே வேறோர் இடத்துக்கு அனுப்பப்பட்டு, திருத்த முடியாதவாறு பேணப்படல் வேண்டும்.

மறுபுறத்தில், கண்காணிப்பு கண்காணிப்போரையும் கட்டுப்படுத்தல் வேண்டும். ஊழியர் எப்போது நுழைந்தார், எங்கு சென்றார் என்பன அவரது தனிப்பட்ட தரவுகள். குறித்த நோக்கத்துக்காகத் திரட்டிய தரவை அந்நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது எமது நாட்டின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கோட்பாடுகளுள் ஒன்று. பாதுகாப்புக்கென வரையப்பட்ட வரைபு, பிடிக்காத ஊழியரைப் பழிவாங்கும் கருவியாகிவிடலாகாது. அதனைப் பார்ப்பவரின் பெயரும் பதிவேட்டில் இடம்பெறுவதே நியாயமாகும்.

விலையுயர்ந்த மென்பொருளை வாங்குவதால் மட்டும் இவை கைகூடுவதில்லை. ஆளுக்கொரு அடையாளம், விலகியவரின் கணக்கை அன்றே மூடும் ஒழுங்கு, வரைபை நாள்தோறும் பார்க்கும் பொறுப்பாளர், விடுமுறை நாளிலும் அவருக்கு ஒரு பதிலாள் என்பன பணத்தைவிட நிர்வாக உறுதியையே வேண்டுகின்றன. பொதுமக்களின் மின்சாரமும் சேமிப்பும் தங்கியுள்ள நிறுவனங்கள், அடுத்த முறையும் கள்வர் எழுத்துப் பிழை விடுவர் என்று நம்பியிருக்க முடியாது.