பாண்டி கோயிலும் ஆலோசனை அறையும்

மதுரை மேலமடைப் பாண்டி கோயிலில் தலைவிரித்து ஆடும் பெண்களைச் சிறுவயது முதலே பார்த்திருக்கிறேன். மருள் வந்ததும் குரல் மாறும். அதுவரை ஏறிட்டுப் பார்த்திராத மாமியாரை, கணவனை ஒருமையில் கேள்வி கேட்பார்கள். சாமி கேட்பதால் வீடு கைகட்டிப் பதில் சொல்லும். எங்கள் வட்டாரத்துப் பெண்ணுக்கு மனத்தாங்கலைக் கொட்ட ஓர் இடம் இருந்தது. படித்து வேலைக்குப் போனவளுக்கு அந்த இடமும் இல்லாமற்போயிற்று. அலுவலகத்தில் கையெழுத்திடுகிறவள் மருளாடலாமா?

லேடி டோக் கல்லூரி 1948இலும், பாத்திமா கல்லூரி 1953இலும், மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி 1965இலும் தோன்றின. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பெண்கள் படிக்க வந்தார்கள். ஆசிரியர்களும் எழுத்தர்களும் மருத்துவர்களும் ஆனார்கள். அடுப்படி மட்டும் கைமாறவில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1989இல் தம் நூலுக்கு 'இரண்டாம் ஷிப்டு' என்று பெயரிட்டார். மில் சங்கு கேட்டு வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகச் சொல்கிறது.

அப்படியிருந்தும் மனநல மருத்துவரிடம் போக ஏன் அஞ்சினார்கள்? தமிழில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் பணியாற்றியவர், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப்படும் சாரதா மேனன். 1984இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. மதுரையில் 1992இல் மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையை நிறுவினார். இம்முயற்சிகள் பெரிதும் கடும் மனநோயாளிகளின் மறுவாழ்வைப் பற்றியவை. அதுவே அன்றைய அவசரம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டபோது அந்த அவசரம் நாட்டுக்கே தெரிந்தது. ஆனால் சோறு வடித்து, பேருந்து பிடித்து, பாடம் நடத்தித் திரும்பி, நள்ளிரவில் காரணமின்றி அழும் பெண் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவளுக்கு நோயுமில்லை, நலமுமில்லை.

உரையாடல் சிகிச்சை அவளிடம் வந்து சேர்ந்தது மிகவும் பிந்தித்தான். ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய முறையில், மனத்தில் தானாக எழும் எண்ணத்தைப் பிடித்து நிறுத்தி, அதற்கு ஆதாரம் கேட்பார்கள். 'பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும்போது வேலைக்குப் போகிறேன், நான் தாயா?' என்ற எண்ணத்துக்கு ஆதாரம் என்ன? தகப்பனிடம் இதே கேள்வியை யார் கேட்டார்கள்? இது எளிய கேள்விதான். ஆனால் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள நம் பெண்களுக்குப் பல ஆண்டுகள் ஆகின்றன.

எல்லா ஆலோசனையும் இப்படி அமைவதில்லை. ஒரு மகளிர் தின உரையில் விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் வேலையும் வீடும் சமநிலையாகும் என்று கேட்டேன். முதல் வரிசையிலிருந்த பேராசிரியைகள் அதற்கு முன்பே எழுகிறவர்கள்.

என் தோழி ஒருத்தி, கல்லூரி ஆசிரியை, ஆறு மாதம் ஆலோசனைக்குப் போனாள். பக்கத்து வீட்டில் பல் வைத்தியம் என்று சொல்லியிருந்தாள். ஒரு நாளின் வேலைகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செய்தவர் பெயரைக் குறிக்கச் சொன்னார்களாம். மூன்று பக்கத்திலும் ஒரே பெயர். அடுத்தமுறை கணவரையும் அழைத்து வரச் சொன்னார்கள். அவர் தாளை வாங்கி நெடுநேரம் படித்துவிட்டு, "பால் வாங்குறது நான்தானே, அதை விட்டுட்டியே" என்றார். அவளும் பேனாவை எடுத்து அதைச் சேர்த்தாள்.